பூஜையில் வைத்த டோமஹாக்

என் வாழ்நாளில் நான் முழுதாகப் படித்துத் தேறிய விஷயம் ஒன்றே ஒன்றுதான்: நல்ல டோமஹாக்கைத் தேர்ந்தெடுப்பது எப்படி. டோமஹாக் என்றால், அமெரிக்கக் காடுகளில் செவ்விந்தியர்கள் இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தார்களே, அந்தச் சின்னக் கைக்கோடாலி. தலை எவ்வளவு கனம் இருக்கலாம், காம்பு எவ்வளவு நீளம் இருக்கலாம், மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதெல்லாம் இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கேட்கத்தான் ஆள் இல்லை. இந்தப் படிப்பு நடந்தது அறுபதுகளின் தொடக்கத்தில், மாட்டுங்காவில், மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் சமையல் நடக்கும் ஒன்றரை அறை வீட்டில். அந்த வீட்டில் வெட்டுவதற்கு வெண்டைக்காயை விட்டால் வேறு எதுவும் கிடையாது.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். மனைவிக்கு அம்பாசமுத்திரத்துப் பக்கம் ஒரு கிராமம். நானும் திருநெல்வேலிக்காரன்தான், ஆனால் பெயருக்குத்தான். அப்பாவுக்குத் தபால் இலாகாவில் உத்தியோகம்; ஊர் ஊராக மாற்றல். வளர்ந்ததெல்லாம் குவார்ட்டர்ஸில். பிறகு பம்பாய்க்கு வந்து ஒரு கப்பல் சரக்கு ஆபீஸில் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தவன், பத்து விரல்களைத் தவிர உடம்பில் வேறெதையும் உழைப்புக்குப் பயன்படுத்தியதில்லை. அவளோ கிணற்றில் இறைத்து, நெல் அவித்து, விறகு கீறி வளர்ந்தவள்.

அவள் வந்த இரண்டாம் மாதம், அடுப்படியில் சாமான் வைக்க ஒரு பலகை அடித்துக் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் செய்தேன். மறுநாள் மத்தியானம் அந்தப் பலகை ஊறுகாய்ப் பரணி இரண்டோடும் நல்லெண்ணெய்ப் போத்தலோடும் தரைக்கு வந்துவிட்டது. ஆபீஸிலிருந்து வந்து பார்த்தபோது அவள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கோபமில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவள் மாதிரி, "ஆணி சுவத்துக்குள்ள போவணும்னு உங்களுக்கு யாரும் சொல்லலையா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விதான் என்னைக் காட்டுக்கு அனுப்பியது.

எங்கள் ஆபீஸில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து விடுமுறை வந்தால் மலையேறப் போவார்கள். தலைவர் டெஸ்பாட்ச் பிரிவில் இருந்த ஒரு மராத்திக்காரர். ஒடிசலான மனிதர், சிரிப்பதென்றால் மேலதிகாரியிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பது போல இருப்பார். தசராவுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அந்த வருஷம் திங்கட்கிழமை தசரா, ஞாயிறு எப்படியும் லீவு. கர்ஜத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய மலைக்கோட்டையில் ஓர் இரவு தங்கி வருவதாக ஏற்பாடு. நானும் வருகிறேன் என்றேன். தலைவர் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். மேலிருந்து கீழே வரப் பார்வைக்கு அதிக நேரம் ஆகவில்லை. போன மழைக்காலத்தில் அவர்களுடைய கோடாலி ஓடையில் விழுந்து போய்விட்டதாம். அடுப்பு மூட்ட விறகு வெட்ட வேண்டுமே என்று பேச்சு வந்தது. "கோடாலி என் பொறுப்பு. எங்க ஊர்ல வீட்டுக்கு வீடு கோடாலி உண்டு" என்று சொல்லிவிட்டேன். அது பொய்யில்லை. வீட்டுக்கு வீடு உண்டு. எங்கள் வீடு குவார்ட்டர்ஸ் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அதற்கு முந்தின வாரம்தான் பம்பாய் ஃபோர்ட் பகுதி நடைபாதையில் பழைய அமெரிக்கப் பத்திரிகை ஒன்று வாங்கியிருந்தேன். அட்டையில் ஒருத்தன் கம்பளிச் சட்டையோடு பாறை மேல் காலை வைத்துக்கொண்டு நிற்பான். உள்ளே நாலு பக்கத்துக்கு டோமஹாக் பற்றிய கட்டுரை. வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்தது. கட்டுரையை டைரியில் அப்படியே எழுதிக்கொண்டேன். எழுதியதை ஆபீஸில் டைப் அடித்து இரண்டு கார்பன் காப்பியும் எடுத்துக்கொண்டேன். எதற்கு இரண்டு என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

அடுத்த ஆறு வாரம் சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் விட்டதும் கோடாலி பார்க்கப் போவதே வேலை. நாக்தேவி தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த குஜராத்திச் சேட்டிடம், "காம்பு ஹிக்கரி மரமா?" என்று கேட்டேன். கட்டுரையில் ஹிக்கரிதான் உத்தமம் என்று போட்டிருந்தது. அவர், "ஹிக்கரியா? அந்த கம்பெனி மால் நாங்க வைக்கிறதில்லை" என்று அனுப்பிவிட்டார். சோர் பஜாரில் ஒருவன், உடைத்த கப்பலிலிருந்து வந்த தீயணைப்புக் கோடாலி ஒன்றைக் காட்டினான். அது என் இடுப்புக்கு மேல் உயரம். தூக்கிப் பார்த்தேன், அது என்னைத் தூக்கிப் பார்த்தது என்பதே சரி. இன்னொரு கடையில் காம்பை இரண்டு விரலில் நிறுத்திச் சமநிலை பார்க்கப்போய், கடைக்காரன் கால்மாட்டில் போட்டேன். இந்தியில் எனக்கு அதுவரை தெரியாத சில வார்த்தைகளை அன்று கற்றுக்கொண்டேன்.

எல்லாவற்றையும் விடப் பெரிய பரீட்சை கூர்மைப் பரீட்சை. முன்னங்கையில் முடியைச் சிரைத்துப் பார்க்க வேண்டும். நல்ல விளிம்பு என்றால் சோப்பு இல்லாமலே வழித்துக்கொண்டு வரும். கடைக்குக் கடை சிரைத்து, மூன்றாவது சனிக்கிழமைக்குள் என் இடது முன்னங்கை குழந்தையின் கன்னம் போல ஆகிவிட்டது. சாதம் போடும்போது மனைவி அதைப் பார்த்தாள். "என்ன, இந்தக் கையில முடியக் காணோம்?" என்றாள். "பம்பாய்த் தண்ணி" என்றேன். அவள் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

கடைசியில் ஆபீஸ் பியூன்தான் வழி சொன்னார். தாராவியில் எங்கள் பக்கத்துக் கொல்லர் ஒருவர் தோல் பதனிடுகிறவர்களுக்குக் கத்தி அடித்துக் கொடுக்கிறார், அவரிடம் போங்கள் என்றார். போனேன். துருத்தியும் புகையுமாக, இரண்டு ஆள் நின்றால் மூன்றாம் ஆள் வெளியே நிற்க வேண்டிய பட்டறை. "வாங்க அண்ணாச்சி" என்றார் கொல்லர். கார்பன் காப்பியில் ஒன்றை எடுத்து அவருக்குத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். தலையின் கனம், காம்பின் நீளம், விளிம்பின் வளைவு, பின்பக்கச் சுத்தி எல்லாம் சொன்னேன். அவர் பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் கெடக்கட்டும். என்னத்த வெட்டப் போறீய?"

இந்தக் கேள்வி கட்டுரையில் இல்லை.

"மரம்..." என்றேன்.

"என்ன மரம்? பச்சையா, காஞ்சதா?"

"காட்டு மரம்."

அவர் கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்தார், முடியில்லாத இடது கையை. "அண்ணாச்சி எப்பமாவது விறகு கீறியிருக்கீயளா?" என்றார். "சின்ன வயசுல" என்றேன். சின்ன வயதில் நான் கீறியதெல்லாம் அப்பா கொண்டுவரும் பழைய மணியார்டர் பாரங்களைத்தான். அவர் துருத்திப் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை போனபோது கைக்கோடாலி தயாராக இருந்தது. கருவேலங்காம்பு, தாட்டியான சின்னத் தலை. பின்பக்கச் சுத்தி இல்லை. விளிம்பின் வளைவும் கட்டுரையில் போட்டிருந்த படம் மாதிரி இல்லை. குறை சொல்ல வாயைத் திறந்தேன். "இது வெட்டும்" என்றார். மூடிக்கொண்டேன்.

அதைக் காய்கறிப் பையில் போட்டு, காம்பு வெளியே தெரியாமலிருக்க மாட்டுங்கா மார்க்கெட்டில் முருங்கைக்காய் ஒரு கட்டு வாங்கிச் சுற்றிலும் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மனைவி முருங்கைக்காயை ஒவ்வொன்றாக உருவினாள். கடைசியாக வந்ததைக் கையில் எடுத்தாள். ஒரு முறை புரட்டினாள், கட்டைவிரலை விளிம்பின் குறுக்கே வைத்துப் பார்த்தாள், காம்பின் நுனியைப் பிடித்து ஓங்குகிற மாதிரி லேசாக அசைத்தாள். "நல்ல கோடாலி" என்றாள். ஆறு வாரமும் இரண்டு கார்பன் காப்பியும் எனக்குச் சொல்லாததை அவள் மூச்சு விடும் நேரத்தில் முடித்துவிட்டாள். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. எரிச்சல் கொஞ்சம் கூடவே இருந்தது.

மறுநாள் காலை கட்டடத்தின் பின்பக்கச் சந்தில், ஆப்பிள் வந்த பழைய பெட்டி ஒன்றை வைத்துப் பழகினேன். முதல் வெட்டு பெட்டிக்கு வலப்பக்கம். இரண்டாவது இடப்பக்கம். மூன்றாவது பெட்டி மேல் பட்டு எகிறி, என் இடது செருப்பின் வாரைத் துண்டித்துக்கொண்டு தரையில் நின்றது. காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. நிமிர்ந்து பார்த்தால், மேலே வராந்தாவில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. முகம் வெளுத்திருந்தது.

அன்றுதான் சொன்னாள். அவளுடைய அப்பா, அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது, ஆயுத பூஜையன்று பூஜையில் வைத்திருந்த கோடாலியை அவசரத்துக்கு எடுத்து ஒரு வேரை வெட்டப் போயிருக்கிறார். இடது காலில் இரண்டு விரல் போய்விட்டது. அதற்குப் பிறகு அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். பூஜைக்கு வைக்கிற இரும்பையெல்லாம் சந்தனம் குங்குமம் இட்டு, மஞ்சளில் நனைத்த துணியில் சுற்றிக் கட்டிவிடுவார்கள். விஜயதசமி காலையில் திரும்பப் பூஜை செய்துதான் அவிழ்ப்பது. அதுவரை யாரும் தொடக்கூடாது.

"புது இரும்பு. பூசைக்கு வைக்காம எடுத்துட்டுப் போவப்பிடாது" என்றாள்.

அங்கேதான் சிக்கல். அந்த வருஷம் நவமி சனிக்கிழமையே பிறந்துவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் பூஜையில் வைத்தால் திங்கட்கிழமை காலையில்தான் எடுக்கலாம். நாங்கள் கிளம்புவது ஞாயிறு விடியற்காலை.

"கோடாலி இல்லாம போனா என்ன? அவிய யார்ட்டயாவது இருக்கும்" என்றாள். எவரிடமும் இல்லை என்பது எனக்குத் தெரியும். "சரி, விட்டுட்டுப் போறேன்" என்றேன். "சத்தியமா?" என்றாள். அவள் என்னிடம் சத்தியம் கேட்டது அதுதான் முதல் தடவை. "சத்தியமா" என்றேன். சொன்ன நிமிஷத்தில் உண்மையாகத்தான் சொன்னேன். என் பொய்கள் எல்லாமே அப்படித்தான், பிறக்கும்போது உண்மையாகத்தான் பிறக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் மர அலமாரியின் கீழ்த்தட்டில் பூஜை வைத்தாள். என் டைரியும் அவளுடைய கதைப் புத்தகங்களும் பட்டுத் துணிக்குக் கீழே. பக்கத்தில் மஞ்சள் துணியில் சுற்றிய இரும்புகள். ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டிய காயைக்கூட முன்னதாகவே நறுக்கி வைத்துவிட்டாள். சுண்டல் நன்றாக இருந்தது. நான் சாப்பிடவில்லை என்று சொல்ல ஆசை. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆனால் ஆபீஸில் தலைவர் அன்று மத்தியானம் என்னிடம் கேட்டிருந்தார். "குல்ஹாடி?" என்றார், ஒரே வார்த்தை. "ரெடி" என்றேன். கோடாலி பூஜையில் இருக்கிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அவர்களும் ஆயுதத்துக்குப் பூஜை செய்கிறவர்கள்தான், சொல்லியிருந்தால் புரிந்துகொண்டிருப்பார். இது எனக்கு நாற்பது வருஷம் கழித்துத் தோன்றிய யோசனை. அன்றைக்குத் தோன்றியது வேறு: எடுத்துக்கொண்டு போவோம். கை காலோடு திரும்பி வந்தால் அவள் பயமும் தெளிந்துவிடும், எல்லாருக்கும் நல்லது.

ஞாயிறு விடியற்காலை கீழே குழாயில் தண்ணீர் வரும் நேரம். அவள் குடத்தோடு இறங்கினாள். விளக்கைப் போட்டால் கீழேயிருந்து தெரியும் என்று இருட்டிலேயே அலமாரியைத் திறந்து கையை விட்டேன். ஒரு மூட்டை தட்டுப்பட்டது. மரத்தின் நீளம், ஒரு முனையில் இரும்பின் கனம். தூக்கினேன். அந்த எடை என் கையில் அவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்தது. சமநிலை என்று கட்டுரை சொன்னது இதைத்தான் என்று அந்த அவசரத்திலும் மெய்சிலிர்த்தது. பைக்குள் வைத்து மேலே போர்வையைத் திணித்தேன்.

அவள் மேலே வந்து தயிர் சாதப் பொட்டலத்தைக் கொடுத்தாள். வழக்கத்துக்கு மேல் இரண்டு மாவடு வைத்துக் கட்டியிருந்தாள். "கோடாலி இல்லாம போறோமேன்னு சங்கடப்படாதிய. எனக்காவ விட்டுட்டுப் போறீய, எனக்குத் தெரியும்" என்றாள். பை தோளில் கனத்தது. மாடிப்படியில் இறங்கும்போது என்னை நானே திட்டிக்கொண்டேன். ஆனால் இறங்கிக்கொண்டேதான் திட்டினேன்.

தாதரில் லோக்கல் பிடித்து, கர்ஜத்தில் இறங்கி, மத்தியானம் வரை ஏறினோம். வழியெல்லாம் நான் டோமஹாக் பற்றிப் பேசிக்கொண்டு வந்தேன். ரேகை, சமநிலை, சிரைக்கும் பரீட்சை, எதையும் விடவில்லை. மூச்சு வாங்கியபோது மட்டும் நிறுத்தினேன்; அதனால்தான் அவர்கள் பிழைத்தார்கள். கோட்டைக்குக் கீழே ஒரு சுனைப் பக்கம் பையை இறக்கினோம். தலைவர் அடுப்புக்குக் கல் கூட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். "குல்ஹாடி நிகாலோ" என்றார். எடு கோடாலியை.

எல்லாரும் சுற்றி நின்றார்கள். நான்தான் அவர்களை ஆறு வாரமாக அதற்குத் தயார் செய்திருந்தேனே. மூட்டையை எடுத்து மஞ்சள் துணியின் முடிச்சை அவிழ்த்தேன். மெதுவாகத்தான் அவிழ்த்தேன், கொஞ்சம் ஆர்ப்பாட்டமாக.

உள்ளே எங்கள் வீட்டு அரிவாள்மணை இருந்தது.

மடக்கு அரிவாள்மணை. பலகை மேல் கத்தி மடிந்து படுத்திருக்கும்; நுனியில் தேங்காய் துருவும் பல். பலகையில் மூன்று இடத்தில் சந்தனம், நடுவில் குங்குமம். அவள் பூஜையில் கோடாலியோடு அதையும் சுற்றி வைத்திருக்கிறாள். ஆறு வாரம் பம்பாயில் உள்ள கோடாலியையெல்லாம் தொட்டுத் தடவி எடை பார்த்த நிபுணனுக்கு, கோடாலிக்கும் அரிவாள்மணைக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

தலைவர் குனிந்து பார்த்தார். "அரே, ஹீ தர் விளி!" என்றார். அவர்கள் வீட்டிலும் இதே சாமான்தான், பெயர்தான் விளி. அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். சிரித்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஒருவன் என்னைக் கும்பிட்டுவிட்டுக் குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டான்.

அத்தோடு நானும் சிரித்திருந்தால் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிருக்கும். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "இதாலயும் வெட்டலாம்" என்று சொல்லி, கத்தியை விரித்து, பலகையை இரண்டு கையாலும் பிடித்து, பக்கத்தில் கிடந்த கட்டை ஒன்றின் மேல் ஓங்கிப் போட்டேன். கட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. கத்தியின் விளிம்பில், நட்ட நடுவில், ஓர் அரிசி அளவு துண்டு பெயர்ந்து போயிற்று.

அதைப் பார்த்ததும் என் ரோஷம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த அரிவாள்மணை அவளுடைய அம்மா அவளுக்குக் கொடுத்தது. கல்யாணத்துக்கு வந்த சாமான்களில் பாதியை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தவள், இதைப் புடவை மடிப்புக்குள் வைத்து இரண்டு ராத்திரி ரயிலில் கொண்டுவந்தாள். அதை நான் திருடிக்கொண்டு வந்து உடைத்திருக்கிறேன்.

விறகு என்று பார்த்தால், காட்டில் தரை முழுக்கக் காய்ந்த சுள்ளி. கால் மணி நேரத்தில் மூன்று பேர் பொறுக்கியது மறுநாள் காலைவரை எரிந்தது. கோடாலி தேவையே படவில்லை. அரிவாள்மணைதான் தேவைப்பட்டது, எவனோ கொண்டுவந்திருந்த உருளைக்கிழங்கும் வெங்காயமும் அதில்தான் நறுக்கினார்கள், தேங்காயும் துருவினார்கள். சட்னி பிரமாதம் என்று தலைவர் என் முதுகில் தட்டினார். என்னைப் பிடித்துப்போய்விட்டது அவருக்கு. ஆறு வாரம் நான் ஆசைப்பட்டது அதுதான். கிடைத்தபோது என் பங்குச் சட்னியைப் பக்கத்திலிருந்தவனிடம் தள்ளிவிட்டேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் ரயிலில் வரும்போது பொய்களைத் தயார் செய்துகொண்டே வந்தேன். தவறிப்போய் வந்துவிட்டது என்று ஒன்று. அவர்கள் கேட்டார்கள் என்று ஒன்று. குர்லா தாண்டும்போது, பையை அப்படியே ரயிலில் விட்டுவிட்டு இறங்கினால் என்ன என்றுகூட நினைத்தேன். நினைத்ததைச் சொல்லிவிடுகிறேன், மறைத்துப் புண்ணியமில்லை.

கதவைத் திறந்ததும் அவள் என் காலைத்தான் முதலில் பார்த்தாள். பிறகு கையை. பிறகு அழுதாள்.

"அருவாமணை களவு போயிட்டு" என்றாள். "காலையில பூசை செஞ்சு அவுக்கப் போனா அதை மட்டும் காணோம். கோடாலி அப்படியே இருக்கு."

நான் வாசலிலேயே நின்றேன். அலமாரிக்கு முன்னால், சந்தனப் பொட்டோடு, அரளிப்பூ வைத்து, என் டோமஹாக் பலகை மேல் படுத்திருந்தது.

"அடுத்த வீட்டு மாமி, 'உங்காத்துக்காரர்தான் எடுத்துண்டு போயிருப்பார், பாரு'ன்னு சொல்லுதா. எனக்கு வந்த ஆத்திரம்! கோடாலியே இங்ஙன கெடக்கு, கோடாலியையே எடுக்காதவிய அருவாமணையை எடுப்பாவளா? சத்தியம் பண்ணினா மீற மாட்டாவ, இன்னிமே எங்க வீட்டுப் படி ஏறாதியன்னு சொல்லிட்டேன்."

என் நல்ல பெயருக்கு அந்தக் கோடாலி சாட்சியாக இருந்தது. அதைவிட நல்ல சாட்சி இனிமேல் எனக்குக் கிடைக்கப்போவதில்லை. வாயை மூடிக்கொண்டு பையை அப்படியே ஓர் ஓரமாக வைத்திருந்தால் போதும். மறுநாள் ஆபீஸுக்குப் போகிற வழியில் எங்கேயாவது தொலைத்திருக்கலாம். ஆனால் அவள் நான் வந்த சந்தோஷத்தில் அழுதுகொண்டே பையை வாங்கக் கையை நீட்டினாள். கொடுக்க முடியவில்லை. நானே போர்வையை எடுத்துவிட்டு, மஞ்சள் துணியோடு அதை வெளியே எடுத்துத் தரையில் வைத்தேன். "கோடாலின்னு நெனச்சு எடுத்தேன்" என்றேன். தயார் செய்து வைத்திருந்த பொய்களில் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை.

அவள் திட்டவில்லை. துணியைப் பிரித்தாள். கத்தியை விரித்தாள். விரலை விளிம்பில் ஓட்டிக்கொண்டே வந்து, நடுவில், அந்த இடத்தில் நிறுத்தினாள்.

"மாமிகிட்ட நான் என்ன சொல்ல?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை ஆபீஸுக்குப் போகுமுன் நானே போய் மாமியின் கதவைத் தட்டி, நான்தான் எடுத்தேன், என் மனைவியைத் தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள் என்றேன். மாமி, "நேக்கு அப்பவே தெரியும்" என்றாள். அவள் முகத்தில் இருந்த திருப்தியை நான் எத்தனையோ வருஷம் கழித்தும் நினைத்துக்கொண்டதுண்டு. எனக்கு அது வேண்டியதுதான்.

கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் விளிம்பு தீட்டுவது பற்றிப் போட்டிருந்தது. எந்தக் கல், எத்தனை சொட்டு எண்ணெய், எந்தச் சாய்வு என்றெல்லாம். டோமஹாக்குக்கென்று வாங்கி வைத்திருந்த அந்தக் கல்லில், ஞாயிற்றுக்கிழமை தோறும் வராந்தாவில் உட்கார்ந்து அரிவாள்மணையைத் தீட்டினேன். நான் படித்ததில் உபயோகத்துக்கு வந்தது அந்த ஒரு பக்கம்தான். அரிசி அளவு பள்ளம் நொய் அளவு ஆயிற்று. அதற்கு மேல் குறையவில்லை. கீரை நறுக்கும்போதெல்லாம் அந்த இடத்தில் ஒரு நார் மாட்டும். அவள் ஒன்றும் சொல்லாமல் அதை உருவிப் போடுவாள். சொல்லியிருக்கலாம்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு இரும்புகளை மஞ்சள் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தாள். கதவைச் சாத்தினாள். ஒரு சின்னப் பூட்டை எடுத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். என்னைப் பார்த்துச் செய்யவில்லை. நான் இருப்பதையே கவனிக்காதவள் மாதிரி செய்தாள். நான் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். அதற்கடுத்த வருஷமும் பூட்டு. கோடாலி, பாவம், அதற்குள் புதிதாக வாங்கிய சிகடிக்கு, அதாவது பம்பாய்க் கரியடுப்புக்கு, கரி உடைக்கிற வேலைக்கு வந்துவிட்டது. அந்த வேலையை அவள்தான் செய்வாள்.

அதற்கப்புறம் செம்பூரில் ஒரு காலனிக்குக் குடிபோனோம். இரண்டு அறை. உள் அறையில் அலமாரி. நவமி வந்தது. கோடாலியையும் அரிவாள்மணையையும் சுற்றி வைத்தாள், கதவைச் சாத்தினாள், அடுப்படிக்குப் போய்விட்டாள். பூட்டு ஜன்னல் விளிம்பில் சும்மா கிடந்தது. நான் அதைக் கொண்டுபோய் அடுப்படியில் நீட்டினேன். "பூட்டலையா?" என்றேன்.

"என்னத்துக்கு?" என்றாள். தாளிப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அன்றும் மறுநாள் காலை அவள் பூஜையை முடிக்கும் வரையிலும் நான் உள் அறைக்குள் காலே வைக்கவில்லை. என் சட்டைகள் எல்லாம் அங்கேதான் மாட்டியிருந்தன. பனியனோடு சாப்பிட்டேன், பனியனோடு படுத்தேன். காலையில் பால் கார்டை எடுத்துக்கொண்டு பூத்துக்கும் பனியனோடுதான் போனேன்.